கத்தரிக்காயும் தோசையும்: தோலின் நிறம் பற்றி ஒரு பாடம்

மின்காந்த நிறமாலையை நடத்தும்போது புற ஊதாக் கதிர் இரண்டு வரிகளில் கடந்து போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஓசோன் படலம் தடுக்கிறது, தண்ணீரைச் சுத்திகரிக்கப் பயன்படுகிறது. மாணவர்களின் குறிப்பேட்டில் நிற்பது இவ்வளவுதான். அந்த இரண்டு வரிகளை நான்கு பாடவேளைகளாக விரித்து ஒன்பதாம் வகுப்பில் நடத்திய அனுபவத்தை இங்கே பகிர்கிறேன். செலவு அதிகமில்லை. ஒரு கத்தரிக்காய், ஓர் எலுமிச்சம்பழம், ஓர் உலக வரைபடம் போதும்.

நான் பணிபுரிவது தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோரமாக உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. மாணவர்களில் பாதிக்கு மேல் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள். நிறமாலைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், வெளிநாட்டுல காசு குடுத்துக் கறுக்குறாங்களாமே, நெசமா?” வகுப்பே சிரித்தது. கைபேசியில் எங்கோ பார்த்திருக்கிறாள். ஆளுயரப் பெட்டிக்குள் ஒருவர் படுத்திருக்க, மேலும் கீழும் நீல விளக்குகள் எரிந்தனவாம்.

கேட்ட மாணவியே விளையாட்டுப் பாடவேளையில் வேப்பமரத்தடியை விட்டு வர மறுப்பவள். “வெயில்ல நின்னா கறுத்துருவேன் டீச்சர்” என்பாள். அவள் மட்டுமல்ல, எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் நம் மாணவிகள் பலர் மைதானத்தை விட்டு விலகுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே அந்தக் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

வெயிலைத் தேடும் ஊர்கள்

முதல் பாடவேளை வரைபடத்தோடு தொடங்கியது. தூத்துக்குடி ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. லண்டன் 51 பாகைக்கும் மேலே. டிசம்பர் மாதத்தில் லண்டனில் பகல் பொழுது 8 மணி நேரம்கூட இருக்காது. அப்படிப்பட்ட நாடுகளில் குளிர்காலம் முடிந்ததும் வெயிலைத் தேடிக் கடற்கரைக்குப் போவது பெரிய மகிழ்ச்சி. வெயில் பட்டுப் பழுப்பேறிய தோலை அங்கே ‘டேன்’ என்கிறார்கள். வெயிலுக்குப் போகாமல், அறைக்குள்ளேயே விளக்கின் மூலமோ பூச்சின் மூலமோ அந்த நிறத்தை வரவழைப்பது ‘இன்டோர் டேனிங்’.

ஐரோப்பாவில் எப்போதும் இப்படி இருக்கவில்லை. வயலில் வேலை செய்பவர்கள் வெயிலில் பழுத்த காலத்தில், வெளுத்த தோல்தான் செல்வத்தின் அடையாளம். மக்கள் ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் வேலைக்குப் போன பிறகு நிலைமை மாறியது. வெளுத்த தோல் தொழிலாளியின் அடையாளமாகவும், பழுப்பேறிய தோல் விடுமுறைக்குப் போக வசதி உள்ளவரின் அடையாளமாகவும் ஆனது. இதற்கு மருத்துவமும் துணை நின்றது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்ததற்காக டென்மார்க் நாட்டின் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். வெயில் உடலுக்கு நல்லது என்ற எண்ணம் பரவி, பிறகு பழுப்பு நிறமே நாகரிகமானது. 1970-களில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் வோல்ஃப் உருவாக்கிய படுக்கை வடிவக் கருவிகள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தன.

இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அப்போ நம்ம ஊர்ல வெயில்ல நிக்காதவங்க பணக்காரங்க. அங்க வெயில்ல படுக்கிறவங்க பணக்காரங்க. அப்படித்தானே டீச்சர்?” அந்தப் பாடவேளைக்கு நான் எழுதி வைத்திருந்த கற்றல் விளைவை அவன் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

முதல் சோதனை: அரிந்த கத்தரிக்காய்

இரண்டாம் பாடவேளையில் ஒரு கத்தரிக்காயை அரிந்து மூன்று தட்டுகளில் வைத்தேன். முதல் தட்டில் துண்டுகள் அப்படியே. இரண்டாம் தட்டில் தண்ணீரில் மூழ்க. மூன்றாம் தட்டில் எலுமிச்சைச் சாறு தடவி. கத்தியை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். கால் மணி நேரத்தில் முதல் தட்டுத் துண்டுகள் பழுப்பாகின. மற்ற இரண்டிலும் நிறம் அவ்வளவாக மாறவில்லை.

கத்தரிக்காயை அரிந்ததும் தண்ணீரில் போட வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டில் தெரிந்ததுதான். ஏன் என்று கேட்டால் “கறுத்துரும்” என்பார்கள். காயின் செல்கள் வெட்டுப்படும்போது உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் பீனால் சேர்மங்களும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேரப் பழுப்பு நிறமி உண்டாகிறது. தண்ணீர் ஆக்சிஜனைக் குறைக்கிறது. எலுமிச்சையின் அமிலம் நொதியின் வேகத்தைத் தடுக்கிறது.

நம் தோலில் நிறம் உண்டாவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நொதியால்தான். அதன் பெயர் டைரோசினேஸ். மேல்தோலின் அடி அடுக்கில் இருக்கும் மெலனோசைட் என்னும் செல்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இது மெலனின் நிறமியை உருவாக்குகிறது. இங்கே மாணவர்கள் வியந்த ஒரு செய்தி உண்டு. வெளுத்தவருக்கும் கறுத்தவருக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை உருவாக்கும் மெலனினின் வகை, அளவு, அது பொதிந்திருக்கும் விதம் ஆகியவற்றில்தான் வேறுபாடு.

மெலனின் துகள்கள் பக்கத்துச் செல்களுக்குப் போய், உட்கருவின் மேற்புறம் குடை பிடித்ததுபோல் அமர்கின்றன. உட்கருவில்தான் டிஎன்ஏ இருக்கிறது. புற ஊதாக் கதிர் டிஎன்ஏ மீது பட்டால் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் தவறாக ஒட்டிக்கொள்ளும். செல் அதைச் சரிசெய்ய முயல்கிறது. கூடவே, கூடுதல் மெலனின் வேண்டும் என்று மெலனோசைட்டுக்குச் செய்தி அனுப்புகிறது. அப்படி வருவதுதான் வெயில் பழுப்பு. டிஎன்ஏ சேதப்பட்ட பிறகே பழுப்பு வருகிறது என்பதை மாணவர்கள் அழுத்தமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘ஆரோக்கியமான பழுப்பு’ என்று விளம்பரம் சொல்வது ஏன் பொருந்தாது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

நீல விளக்குப் பெட்டி

மூன்றாம் பாடவேளையில் மாணவி சொன்ன அந்தப் பெட்டிக்கு வந்தோம். புற ஊதாக் கதிர்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர் வரை ‘ஏ’ வகை. 280 முதல் 315 வரை ‘பி’ வகை. 100 முதல் 280 வரை ‘சி’ வகை. சூரியனிலிருந்து வரும் ‘சி’ வகை வளிமண்டலத்திலேயே தடுக்கப்படுகிறது. நிலத்தை அடைவதில் பெரும்பகுதி ‘ஏ’ வகை. அது தோலில் ஆழமாக இறங்கும். ‘பி’ வகைதான் தோலைச் சிவக்க வைக்கும். வைட்டமின் டி உருவாவதும் அதனால்தான்.

டேனிங் பெட்டியின் விளக்குகள் பெரும்பாலும் ‘ஏ’ வகையையும் சிறிதளவு ‘பி’ வகையையும் தருகின்றன. ஆற்றல் மிக்க சில கருவிகளில் ‘ஏ’ வகைக் கதிரின் செறிவு நண்பகல் வெயிலைப்போல 10 முதல் 15 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வைட்டமின் டி கிடைக்கும் என்று கூறி இந்தக் கருவிகளை விற்பது உண்டு. ஆனால் வைட்டமின் டி-க்கு வேண்டிய ‘பி’ வகை இவற்றில் குறைவு.

கண்ணுக்கு வரும் ஆபத்தை விளக்க நான் வெல்டிங் பட்டறையைச் சொன்னேன். கண்ணாடி அணியாமல் வெல்டிங் பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். அது புற ஊதாக் கதிரால் விழிவெண்படலத்தில் ஏற்படும் புண். டேனிங் பெட்டியிலும் தனிக் கண்ணாடி கட்டாயம். இமையை மூடிக்கொண்டால் மட்டும் போதாது.

2009-ஆம் ஆண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கருவிகளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. பிரிவு என்பது சான்றின் உறுதியைக் குறிக்கும், ஆபத்தின் அளவைக் குறிக்காது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 35 வயதுக்கு முன் இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 59 விழுக்காடு கூடுகிறது என்பதும் அந்நிறுவனம் எடுத்துக்காட்டும் கணக்கு.

இந்த 59 விழுக்காட்டை வைத்தே ஒரு கணக்குச் செயல்பாடு செய்தோம். “நூறு பேருல 59 பேருக்கு வந்துருமா டீச்சர்?” என்று ஒருவன் பதறினான். ஓர் ஊரில் ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய் வருவதாக வைத்துக்கொள்வோம் என்றேன். 59 விழுக்காடு கூடினால் 10 என்பது ஏறத்தாழ 16 ஆகும். ஆயிரத்தில் 590 ஆகாது. செய்தித்தாளில் ‘இவ்வளவு விழுக்காடு அதிகம்’ என்று வரும்போதெல்லாம் ‘எதைவிட அதிகம்?’ என்று கேட்கும் பழக்கம் அன்று வந்தது. கணக்கு ஆசிரியரும் இதை எடுத்துக்கொண்டு விழுக்காடு பாடத்தில் தொடர்ந்தார்.

நாடுகள் என்ன செய்தன?

சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து இந்தப் பகுதியை நடத்தினேன். அழகுக்காக டேனிங் கருவிகளைப் பயன்படுத்துவதை 2009-இல் பிரேசில் முழுவதுமாகத் தடை செய்தது. பிரான்ஸ் 1997-லேயே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே வயதுத் தடை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2010 முதல் இந்தச் சேவைக்கு 10 விழுக்காடு வரி உண்டு. 2012-இன் தொடக்கத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் நடைமுறைப்படுத்தியது.

ஆஸ்திரேலியாவின் கதையைச் சற்று விரிவாகச் சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெளுத்த தோலினர் கடும் வெயில் நாட்டில் வாழ்வதால் அங்கே தோல் புற்றுநோய் மிக அதிகம். மெல்போர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண் மெலனோமாவால் பாதிக்கப்பட்டு, தன் கடைசி வாரங்களில் டேனிங் நிலையங்களுக்கு எதிராக மக்களிடம் பேசினார். 2007 செப்டம்பரில் தம் 26-ஆம் வயதில் இறந்தார். அதன்பின் விதிமுறைகள் கடுமையாகின. 2015-இன் தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களிலும், 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் வணிக நிலையங்கள் தடை செய்யப்பட்டன. அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள ஒரு விதி நம் ஆசிரியர்களுக்கும் ஆர்வமூட்டும்: தொப்பி இல்லை என்றால் வெயிலில் விளையாட்டு இல்லை. தொப்பி மறந்தவர்கள் நிழலில்தான் விளையாட வேண்டும்.

இரண்டாம் சோதனை: இட்லியும் தோசையும்

டேனிங் என்றால் விளக்கு மட்டுமல்ல. பூசிக்கொள்ளும் திரவமும் உண்டு. அதைப் புரியவைக்க நான் கொடுத்த வீட்டுப்பாடம்: ஒரே மாவில் சுட்ட இட்லியையும் தோசையையும் பார்த்து வாருங்கள், ஒன்று வெள்ளை, மற்றொன்று பழுப்பு, ஏன்?

இட்லி நீராவியில் வேகிறது, 100 பாகை செல்சியஸை ஒட்டி. தோசைக்கல் அதைவிட மிகச் சூடு. அந்தச் சூட்டில் மாவிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் முறுகல் மணமும் வருகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மெயார் விளக்கியதால் இதற்கு மெயார் வினை என்று பெயர். இதில் நொதிக்கு வேலையில்லை.

டேனிங் திரவத்தில் உள்ள முக்கியப் பொருள் டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற எளிய சர்க்கரை. இது தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு மெயார் வினையில் ஈடுபடுகிறது. தோசைக்குத் தேவைப்படும் சூடு இதற்குத் தேவையில்லை. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், ஒரு நோய்க்காகக் குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதை ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் கவனித்தார். துணியில் கறை படியவில்லை, தோலில் மட்டும் படிந்தது. 1960 வாக்கில் கடைப் பொருளாகவே வந்துவிட்டது.

விளக்கால் வரும் பழுப்பு கத்தரிக்காய் வகை, உயிருள்ள செல்லில் நொதியால் நடப்பது. திரவத்தால் வரும் பழுப்பு தோசை வகை, இறந்த செல்லில் சாதாரண வேதிவினையாக நடப்பது. இந்த ஒப்பீடு மாணவர்கள் மனத்தில் நன்றாகப் பதிந்தது. தோசை வகையில் மெலனின் இல்லை. ஆகவே அது வெயிலிலிருந்து காக்கும் என்று நம்பக் கூடாது. இறந்த செல்கள் உதிரும்போது, ஏறத்தாழ ஒரு வாரத்தில், நிறமும் போய்விடும்.

போடுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

நான்காம் பாடவேளையில் மாணவர்கள் குழுக்களாக அமர்ந்து, எந்தப் பொருளையும் தோலில் பயன்படுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை உருவாக்கினார்கள். இறுதியில் ஐந்து தேறின.

1. இது தோலில் எந்த அடுக்கு வரை போகிறது, அங்கே என்ன செய்கிறது?
2. இதில் என்னென்ன இருக்கின்றன, தயாரித்தவர் யார்?
3. இது யாருக்கு ஆகாது?
4. பலன் எத்தனை நாள், தீங்கு வந்தால் எத்தனை நாள்?
5. நல்லது என்று சொல்பவருக்கு இதில் என்ன ஆதாயம்?

இந்தக் கேள்விகளை வைத்து நான்கு வகை டேனிங் முறைகளையும் சோதித்தோம்.

விளக்குப் பெட்டி: உயிருள்ள செல்கள் வரை போகிறது. டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. சிறு வயதினர், வெளுத்த தோலினர், மச்சங்கள் அதிகம் உள்ளவர்கள், டாக்சிசைக்ளின் போன்ற ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பழுப்பு சில வாரங்களில் மங்கும். சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

பூச்சுத் திரவம்: இறந்த செல்களோடு நிற்கிறது. மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் இதுவே குறைந்த ஆபத்து. முதலில் சிறு இடத்தில் பூசி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அறைக்குள் நிற்கவைத்துத் தெளிக்கும் முறையில் கண், உதடு, மூக்கு ஆகியவற்றை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சோடு உள்ளே போகக் கூடாது.

மாத்திரை: கேந்தசாந்தின் என்ற நிறமியை அதிக அளவில் விழுங்குவது. உணவுக்கு நிறமூட்ட மிகச் சிறிய அளவில் அனுமதிக்கப்படும் இந்த நிறமி, அதிக அளவில் விழித்திரையில் படிகங்களாகத் தங்கிவிடும். தோலைப் பழுப்பாக்க இதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் இல்லை.

ஊசியும் மூக்குத் தெளிப்பும்: மெலனோடேன் என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படுகின்றன. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த விற்பனை உரிமம் இல்லாதது. குமட்டல் வரும், மச்சங்கள் மாறும். குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதே உறுதியில்லை. இரண்டாம் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

இந்த நேரத்தில் சில குழப்பங்களையும் தீர்க்க வேண்டியிருந்தது. வெண்புள்ளி, சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவமனைத் தோல் பிரிவில் கொடுக்கும் புற ஊதாச் சிகிச்சை வேறு. அங்கே அளவைக் கணக்கிட்டு மருத்துவர் கண்காணிக்கிறார். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு புற ஊதாவே அல்ல, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி.

கேள்விகள் வீட்டுக்குப் போனபோது

பாடம் இத்தோடு முடிந்திருந்தால் நம் மாணவர்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தியாகவே நின்றிருக்கும். நம் ஊரில் யாரும் டேனிங் பெட்டியைத் தேடிப் போவதில்லை. ஆனால் அதே ஐந்து கேள்விகளை வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு முகப்பூச்சிடம் கேட்டு வரச் சொன்னேன். பொருளைக் கொண்டுவர வேண்டாம், லேபிளில் இருப்பதை மட்டும் எழுதி வந்தால் போதும்.

பெரும்பாலானவர்கள் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி நாள் எல்லாம் எழுதி வந்தார்கள். ஒரு மாணவியின் தாளில் இரண்டாம் கேள்விக்கு எதிரே ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு தனியாக வந்து நின்றாள். “அதுல ஒண்ணுமே எழுதலை டீச்சர். சித்தி சந்தையில வாங்கிக் குடுத்தது. ஒரே வாரத்துல வெளுக்கும்னாங்க. வெளுத்துச்சு. இப்போ வெயில்ல போனா எரியுது.” நான்கு மாதமாகப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

சிவப்பழகு தருவதாக விற்கப்படும் பெயரற்ற களிம்புகளில் இரண்டு பொருள்களுக்கு அஞ்ச வேண்டும். ஒன்று பாதரசம். அது டைரோசினேஸ் நொதியை முடக்குகிறது. கத்தரிக்காய்த் துண்டில் எலுமிச்சை செய்ததை இது தோலில் செய்கிறது. ஆனால் எலுமிச்சையைப்போல் மேலோடு நிற்காது. தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது 2023-இல் செய்தியானது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, கண் பகுதிக்கானவை தவிர மற்ற அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது, பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள். மருத்துவர் குறித்துக் கொடுக்கும் மருந்துகளான இவற்றை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரியும், பருக்கள் பெருகும், வெயிலில் எரியும்.

அன்று மாலையே அவள் தாயாரிடம் பேசினேன். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையைச் சுற்றித் துணி. “என்னை மாதிரி வெயில்ல காயக் கூடாதுன்னுதான் டீச்சர், அதைப் பூசவே விட்டேன்” என்றார். அந்தப் பேச்சில் இருந்த அன்பைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. களிம்பைத் தூக்கி எறியச் சொல்லாமல், மருத்துவரிடம் காட்ட எடுத்துப் போகச் சொன்னேன். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென நிறுத்தும்போது முகம் சிவந்து எரியக்கூடும். நிறுத்தும் முறையை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு வழியாக அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினோம். ஸ்டீராய்டுதான் என்று அங்கே சொன்னார்கள். முகம் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் பிடித்தன. சிறுநீர்ப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை.

அந்தத் தாயாரின் உடையை, அவர் அனுமதியோடு, அடுத்த வகுப்பில் பாடமாக்கினேன். முழுக்கைச் சட்டை, தலைத்துணி, விடியுமுன் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது. புற ஊதாவுக்கு எதிராக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நிழல், உடை, நேரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. கண்ணுக்குத்தான் பாதுகாப்பு இல்லை. வெண்பனி 80 விழுக்காடு வரையும், கடல் நுரை 25 விழுக்காடு அளவும், உலர்ந்த மணல் 15 விழுக்காடு அளவும் புற ஊதாவைத் திருப்பி அனுப்பும். கண் கூச வைக்கும் வெள்ளை உப்புப் பரப்பில் நாள் முழுதும் குனிந்து நிற்பவர்களுக்குக் குளிர்க்கண்ணாடி ஆடம்பரமல்ல, பாதுகாப்புக் கருவி என்று மாணவர்களே எழுதினார்கள்.

இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு

மாணவர்களின் கைகளை அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிடச் சொல்லும் செயல்பாட்டைத் தவிர்க்கவும். விளக்குவதற்குக் கத்தரிக்காய் இருக்கிறது. பிள்ளைகளின் தோல் வேண்டாம்.

கறுப்புத் தோல் இயற்கையாகவே நல்ல பாதுகாப்பு என்பதைச் சொல்லும்போது, அது முழுக் கவசமல்ல என்பதையும் சொல்லவும். நம் மாநிலத்தில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும் நாள்கள் பல. தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு. ஆனால் வெயில் கொப்புளமும் கண்புரையும் எல்லோருக்கும் வரலாம். பயமுறுத்தவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

தொடக்க வகுப்புகளுக்கு நிழல் விளையாட்டுப் போதும். உன் நிழல் உன்னைவிட நீளமா, குட்டையா? குட்டையாக இருந்தால் கதிர் கடுமை, மரத்தடிக்குப் போ. நீளமாக இருந்தால் மைதானத்தில் ஓடு. எங்கள் பள்ளியில் மாணவிகளின் விளையாட்டுப் பாடவேளையைப் பிற்பகலின் கடைசி வேளைக்கு மாற்றிக்கொண்டோம். தலைமையாசிரியர் ஒப்புதலோடு எளிதாகச் செய்யக்கூடிய மாற்றம் இது. வேப்பமரத்தடியில் இப்போது கூட்டம் குறைவு.

பெயர் வைத்துக் கூப்பிடுவதில் நிறத்தைச் சேர்ப்பதை மாணவர்களிடம் கண்டிக்கிறோம். ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் யாரை நிறுத்துகிறோம், வரும் விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுக்க யாரை அனுப்புகிறோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மெலனின் பாடத்தைவிட அந்தப் பாடம் ஆழமாகப் பதியும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. அரிந்த கத்தரிக்காய், முறுகிய தோசை ஆகிய இரண்டின் பழுப்பு நிறத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன? டேனிங் விளக்கும் டேனிங் திரவமும் எதெதனோடு ஒப்பிடத்தக்கவை?
2. பழுப்பேறிய தோலைவிட டிஎன்ஏ சேதம் முந்தியது என்பதை விளக்குக.
3. ஒரு நோயின் வாய்ப்பு ஆயிரத்தில் 4. அது 50 விழுக்காடு கூடினால் ஆயிரத்தில் எத்தனை?
4. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டும் தடை, எல்லோருக்கும் தடை, கூடுதல் வரி ஆகிய மூன்றில் எதை நீ ஆதரிப்பாய்? ஏன்?
5. ‘ஏழே நாளில் வெளுக்கும்’ என்ற விளம்பரத்திடம் ஐந்து கேள்விகளையும் கேட்டு, விடை கிடைக்காத கேள்விகளைப் பட்டியலிடுக.